பின்னால் பற்றைக்காடு, வாசலில் மானிய முகவர்

கேள்வி: சிட்னிக்கு மேற்கே, வின்மலியில் வீடு வாங்கியிருக்கிறோம். பின்வேலிக்கு அப்பால் கவுன்சிலின் (உள்ளூராட்சியின்) ரிசேர்வ், அதாவது பொதுக்காணி. பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கதவைத் தட்டி, "காட்டுத்தீ ஆபத்தைக் குறைக்க அரசாங்கம் வீட்டுக்காரருக்குக் காசு தருகிறது, 850 டொலர் தந்தால் விண்ணப்பம் போட்டு நானே துப்புரவாக்கித் தருகிறேன்" என்றார். 200 டொலர் முற்பணமும் கொடுத்துவிட்டோம். இது உண்மையா? இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் 79 வயது மாமனாரின் வீட்டுக்கும் ஏதாவது கிடைக்குமா?

பதில்: காசு இருக்கிறது. ஆனால் அது உங்கள் கைக்கு வரும் காசு இல்லை.

மத்திய அரசின் டிசாஸ்டர் ரெடி ஃபண்ட், அதாவது பேரிடர் தயார்நிலை நிதி, 2023இல் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு 100 கோடி டொலர் வரை. மாநில அரசு வழியாகத்தான் விண்ணப்பம் போகும். தனி வீட்டுக்காரர் அதில் கேட்க வழியில்லை. நியூ சவுத் வேல்ஸில் இன்னொரு நிதி இருக்கிறது. மாநிலத்தின் ஊர்ப்புறத் தீயணைப்புச் சேவையான ரூரல் ஃபயர் சர்வீஸ், சுருக்கமாக ஆர்.எஃப்.எஸ்., அதில்தான் ஓடுகிறது. கவுன்சில் தன் காணியில் பற்றை வெட்டவும் தீத்தடப் பாதைகளைப் பராமரிக்கவும் அங்கிருந்து காசு கேட்கலாம். நீங்கள் கேட்க முடியாது.

இதில் எனக்கு எரிச்சல் வரும் இடம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். எமெர்ஜென்சி சர்வீசஸ் லெவி, அதாவது அவசர சேவைக் கட்டணம், என்று ஒன்று போட்டிருக்கும். ஆர்.எஃப்.எஸ். ஓடும் அந்த நிதியில் 73.7 சதவீதம் இன்சூரன்ஸ் கம்பனிகள் வழியாக, அதாவது உங்களைப் போன்றவர்களிடமிருந்து வருகிறது. மாநில அரசு 14.6, கவுன்சில்கள் 11.7. வாங்கும்போது நேரே உங்களிடம் வாங்குகிறார்கள். வேலை கேட்டால் மட்டும் குழு, திட்டம், அடுத்த வருட ஒதுக்கீடு என்று சுற்றவிடுகிறார்கள்.

சரி, சுற்றித்தான் ஆகவேண்டும். உங்கள் பகுதிக்கு ஒரு புஷ்ஃபயர் ரிஸ்க் மேனேஜ்மென்ட் பிளான், அதாவது காட்டுத்தீ அபாய முகாமைத் திட்டம், இருக்கிறது. திட்டத்தில் பெயருள்ள இடத்துக்குத்தான் காசு நகரும். கவுன்சிலுக்கு மின்னஞ்சல் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: எங்கள் வேலிக்குப் பின்னால் உள்ள துண்டு அந்தத் திட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் அடுத்த துப்புரவு எப்போது? தொலைபேசியில் கேட்டால் இனிமையாகப் பேசி வைத்துவிடுவார்கள், எழுத்தில் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் ஆர்.எஃப்.எஸ். இணையதளத்தில் ஹசார்ட் கம்ப்ளெய்ன்ட், அதாவது தீ அபாய முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. கவுன்சில் காணி பற்றியும் அதில் முறையிடலாம், கட்டணம் இல்லை. வேலிக்கும் பற்றைக்கும் எத்தனை மீட்டர், பற்றைக்கும் வீட்டுச் சுவருக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து, படத்தோடு அனுப்புங்கள்.

இனி அந்த ஆளின் விஷயம். அவர் அடுத்துச் சொல்லப்போவது "டென் ஃபிஃப்டி இருக்கிறது, எல்லாவற்றையும் வெட்டலாம்" என்பதாகத்தான் இருக்கும். 2013 அக்டோபரில் உங்கள் வின்மலி உட்பட ப்ளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் சுமார் 200 வீடுகள் எரிந்த பிறகு, 2014இல் வந்த விதி அது. வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரங்களையும், 50 மீட்டருக்குள் பற்றைகளையும் தனி அனுமதி இல்லாமல் அகற்றலாம். ஆட்கள் கண்டபடி வெட்டத் தொடங்கியதும் அது செல்லுபடியாகும் பரப்பைச் சுருக்கினார்கள். ஆகவே வெட்டும் அன்றே ஆர்.எஃப்.எஸ். இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பார்க்கவேண்டும்; போன மாதம் பார்த்தது போதாது. முக்கியமாக, அது உங்கள் காணிக்கு மட்டும். கவுன்சில் சம்மதம் இல்லாமல் ரிசேர்வில் கை வைத்தால் தண்டப்பணத்துக்கு உங்களையும் தேடி வருவார்கள். மரம் வெட்டியவர் அதற்குள் வேறு ஊரில் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். உண்மையான மரவெட்டுக்காரர் என்றால் ஏ.பி.என். என்ற வியாபாரப் பதிவு இலக்கமும், பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் சான்றிதழும் கேட்டதும் காட்டுவார். "பிறகு அனுப்புகிறேன்" என்றால் கதவைச் சாத்துங்கள்.

உங்கள் மாமனாருக்கு மட்டும் வழி இருக்கிறது. காட்டுத்தீ அபாயப் பகுதியில் வாழும் முதியோர், நோயாளர், உடற்குறை உள்ளோருக்காக ஆர்.எஃப்.எஸ். நடத்தும் எய்டர் என்ற சேவை. காசாகத் தரமாட்டார்கள், ஆட்களே வந்து கூரைப் பீலியில் சருகு அள்ளி, வீட்டை ஒட்டிய கிளைகளையும் பற்றையையும் வெட்டித் தருவார்கள். ஒரு முறை, இலவசம். வேறு உதவி குறைவாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இங்கேதான் நம் ஆட்கள் தயங்குவார்கள்: பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது மானக்கேடு என்று. பிள்ளை இருக்கிறதா என்பதல்ல விஷயம், ஏணியில் ஏறிப் பீலி துப்புரவாக்க யாராவது வருகிறார்களா என்பதுதான். நீங்கள் மாதாமாதம் போய்ச் செய்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், இடம் வேறொருவருக்குப் போகட்டும். உங்களுக்கு முதுகுவலி, மனைவிக்கு இரவு வேலை, ஒருவரும் போவதில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். உங்கள் மருமக்கள் உறவு படிவத்தைக் கெடுக்காது. தீப்பொறி பறந்து வந்து பிடிப்பது பெரும்பாலும் பீலிச் சருகில்தான், அதனால் நெருப்புக் காலத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

கொடுத்த 200 டொலர்? அழைக்காமல் வீடு தேடி வந்து, 100 டொலருக்கு மேல் பேசி முடித்த ஒப்பந்தத்திலிருந்து 10 வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்களுக்குள் அவர் காசு வாங்கியதே பிழை. அதனால் உங்கள் அவகாசம் இன்னும் நீளும். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பேசக் கதவு தட்டியதும் சட்டத்துக்குப் புறம்பு. இன்றே எழுத்தில் ரத்துச் செய்யுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள், காசு திரும்பாவிட்டால் மாநில நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமான ஃபேர் ட்ரேடிங்கில் முறையிடுங்கள்.