மைக்ரோவேவ் ஓடுகிறது, சூடாகவில்லை: மூடியைக் கழற்றலாமா?

கேள்வி: எங்கள் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஓவன் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பத்து நாளாக விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, நேரமும் ஓடுகிறது. ஆனால் வைத்த சாம்பார் வைத்தபடி ஜில்லென்று இருக்கிறது. மிக்சி, அயர்ன்பாக்ஸ் எல்லாம் என் கணவரே சரிசெய்துவிடுவார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதையும் திறந்து பார்க்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். மிக்சியில் பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் பயம் தீர்ந்தது. இதில் தீராது. ஓவனுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 2000 வோல்ட்டாக ஏற்றுகிறது. கெபாசிட்டரும் டையோடும் சேர்ந்து அதை 4000 வோல்ட் வரை கொண்டுபோய், மைக்ரோவேவ் அலைகளை உருவாக்கும் மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. அந்தக் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை வடிக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும்தான், ஆனால் அது பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் கணவர் சொன்னால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வீட்டு டெஸ்டர் 4000 வோல்ட்டுக்கானது இல்லை.

சரி, மூடியைத் தொடாமலே நிறையக் கண்டுபிடிக்கலாம். பவர் லெவல் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா, மாலையில் வீட்டில் வோல்டேஜ் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் மைக்ரோவேவின் சூடு நன்றாகவே குறையும். சில மாடல்களில் கடையில் காட்டுவதற்கென்று, சூடாக்காமல் ஓடுவது போல் மட்டும் காட்டும் டெமோ மோடு உண்டு. குழந்தைகள் பட்டனை அழுத்தி விளையாடி அதில் போட்டுவிடுவதும் நடக்கும்.

அப்புறம் ஒரு கண்ணாடிக் கோப்பையில் 250 மில்லி தண்ணீர் வைத்து (எவர்சில்வர் டம்ளர் கூடாது), முழு பவரில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். 700 வாட் ஓவன் என்றால் தண்ணீரின் சூடு 30 டிகிரிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஓடும்போது சத்தத்தையும் கவனியுங்கள். வழக்கத்தைவிடப் பெரிதாக உறுமிக்கொண்டு தண்ணீர் ஜில்லென்றே இருந்தால், டையோடோ கெபாசிட்டரோ மேக்னட்ரானோ ஷார்ட் ஆகியிருக்கலாம். உடனே நிறுத்துங்கள், மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டாம். உறுமலே இல்லாமல் ஃபேன் சத்தம் மட்டும் வந்தால், டிரான்ஸ்பார்மருக்கே மின்சாரம் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். கதவு ஸ்விட்ச் அல்லது போர்டில் உள்ள ரிலே (மின்சாரத்தைத் தானாகப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) காரணமாக இருக்கலாம். போர்டில் கரப்பான்பூச்சி குடித்தனம் நடத்துவதும் நம் ஊரில் சகஜம். (பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எலக்ட்ரானிக் போர்டு உள்ள இன்வெர்ட்டர் மாடலுக்கு இந்த உறுமல் கணக்கு பொருந்தாது.) கன்வெக்‌ஷனில் மட்டும் நன்றாகச் சூடாகிறது என்றால், கோளாறு மேக்னட்ரான் பக்கம்தான் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடலாம்.

உள்ளே சுவரில் ஒட்டியிருக்கும், அட்டை போன்ற மைக்கா தகட்டில் எண்ணெய் படிந்து பொறி பறந்தால், ஓவன் ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள். கருகியிருந்தால் மாற்ற வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

உங்கள் ஓவனில் விளக்கு எரிவதால் மெயின் பியூஸ் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றிய ஓவன்களை நான் பார்த்திருக்கிறேன். கதவில் ஒன்றல்ல, பொதுவாக மூன்று ஸ்விட்ச்கள் உண்டு. கதவைத் திறந்தவுடன் மேக்னட்ரானை நிறுத்த வேண்டிய ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால், மூன்றாவது ஸ்விட்ச் வேண்டுமென்றே ஷார்ட் செய்து பியூஸை ஊதிவிடும். கதவு திறந்தபடி ஓவன் ஓடக்கூடாது என்பதற்கான கடைசிக் காவல் அது. கம்பி சுற்றினால் அந்தக் காவல் போய்விடும். பியூஸ் அடிக்கடி போனால் ஸ்விட்ச்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ரிப்பேருக்குப் பிறகு, செல்போனை உள்ளே வைத்து ரிங் போகிறதா என்று பார்த்து, மைக்ரோவேவ் ‘லீக்’ ஆகிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள். செல்போன் மிக மிகச் சிறிய சிக்னலையும் பிடித்துவிடும். கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பதுதான் கசிவுக்கான வரம்பு. அதை மீட்டரில்தான் அளக்க முடியும்.

மெக்கானிக் எடுத்தவுடன் மேக்னட்ரான் போய்விட்டது என்றால், டையோடையும் கெபாசிட்டரையும் சோதித்தாரா என்று கேளுங்கள். நிஜமாகவே மேக்னட்ரான்தான் என்றால், கூலியோடு சேர்த்துப் புது ஓவன் விலையில் பாதியைத் தாண்டும்போது ஆறு வருட ஓவனுக்கு நான் செலவு செய்ய மாட்டேன். கதவு ஸ்விட்ச் மட்டும்தான் என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள்.