பழைய ஆர்கனுக்கு லைன் அவுட்: துளை போடுவதற்கு முன்

கேள்வி: ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வால்வு (கண்ணாடிக் குழல்) எலக்ட்ரிக் ஆர்கன் ஒன்று இன்னும் நன்றாக வாசிக்கும் நிலையில் இருக்கிறது. அதற்கு லைன் அவுட் (ஒலியை வெளியே எடுக்கும் இணைப்பு) வைத்து, ஆடியோ மிக்சரில் இணைத்துப் பதிவு செய்ய விரும்புகிறேன். சேலம் ஐந்து ரோடு பகுதியில் உள்ள ஒரு பழுதுபார்ப்புக் கடையில், ஸ்பீக்கர் ஒயரை வெட்டி, பின்பலகையில் துளை போட்டு ஜாக் பொருத்துவதற்கு 6,500 ரூபாய் கேட்கிறார்கள். ஜாக்கில் ஒயரைச் செருகியதும் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடுமாம். பழைய பொருள் என்பதால் உத்தரவாதம் கிடையாதாம். கொடுக்கலாமா?

பதில்: அவர்கள் சொன்ன முறையில் என்றால் கொடுக்க வேண்டாம். தொகை ஒருபுறம் இருக்கட்டும். உங்களுக்கு வசதியாகத் தோன்றும் அந்த 'தானாக நின்றுவிடும்' ஏற்பாடுதான் ஆபத்து. வால்வு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஸ்பீக்கர் என்ற சுமை எப்போதும் இருந்தாக வேண்டும். சுமை இல்லாமல் உரக்க வாசித்தால் அதன் சுருளில் மின்னழுத்தம் எகிறி மின்காப்பு (இன்சுலேஷன்) உடைந்துவிடக்கூடும். இந்த வயதுடைய ஆர்கனுக்கு மாற்று டிரான்ஸ்ஃபார்மர் தேடுவது லேசான காரியமல்ல. ஆகவே ஸ்பீக்கர் இணைப்பில் கை வைக்காமல், அதன் இரு முனைகளிலிருந்து தனியாக இரண்டு ஒயர்களை மட்டும் சால்டர் செய்து எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த ஒயர்களையும் நேரே மிக்சரில் செருகக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கரில் 10 வாட் ஒலிக்கும்போது முனைகளில் ஏறத்தாழ 9 வோல்ட் இருக்கும். மிக்சரின் லைன் இன்புட்டுக்கு ஒரு வோல்ட் அளவே போதும். 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்துச் சிறியதன் குறுக்கே எடுத்தால் அந்த 9 வோல்ட் சுமார் 0.8 ஆகிவிடும். கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும் என்பதால் பொருள் செலவு சில ரூபாய்தான். ஆனால் ஸ்பீக்கரின் ஒரு முனை உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருப்பது வழக்கம். அந்தச் சட்டம் மிக்சரின் எர்த்தோடு நேரடியாக இணைந்தால் உறுமல் வரலாம், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மாடலாக இருந்தால் ஷாக்கும் அடிக்கலாம். எனவே இடையில் இரு பக்கத்தையும் மின்னிணைப்பின்றிப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் ஓர் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் தேவை.

என் யோசனை, ஸ்பீக்கர் லெவலை ஏற்கும் என்று தெளிவாகக் குறிப்பிட்டுள்ள, டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட பாசிவ் டிஐ பாக்ஸ் (தனி மின்சாரம் தேவைப்படாத, கருவியை மிக்சருடன் இணைக்கும் பெட்டி) ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே. சிக்னலைக் குறைப்பது, எர்த்தைப் பிரிப்பது (அதற்கான 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைப் போட்டால்) ஆகிய இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதன் வெளியீட்டை மிக்சரின் மைக் இன்புட்டில் கொடுக்க வேண்டும். பலகையில் துளையும் விழாது, பின்னாளில் விற்றாலும் மதிப்புக் குறையாது. சில மாடல்களில் எதிரொலிக்குத் தனி ஸ்பீக்கர் உண்டு. அதில் முதன்மை ஸ்பீக்கரிலிருந்து மட்டும் எடுத்தால் பதிவில் எதிரொலி கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒயர் எடுக்கும் வேலையை நீங்களே செய்ய முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் அல்லது அதற்கு மேலும் தங்கியிருக்கக்கூடும்.

உத்தரவாதம் இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவதால் கடையின் பொறுப்பு நீங்கிவிடாது. கவனக்குறைவான வேலையால் ஆர்கன் கெட்டால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமும் இல்லை. அதற்கு ஆதாரம் வேண்டும். வேலைக்குக் கொடுக்கும் முன் ஆர்கன் எல்லாச் சுரங்களிலும் ஒலிப்பதைக் கடைக்காரர் முன்னிலையில் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு, 'ஸ்பீக்கர் இணைப்பைத் துண்டிக்காமல்' என்ற சொற்களோடு ரசீது எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.