மாமனாரின் பெட்டியும் மற்றவர்களின் விலாசமும்

கேள்வி: என் கணவரின் பூர்வீக வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. மாமனார் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. வீட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு மரப்பெட்டி நிறைய பழைய போஸ்ட் கார்டுகள் கிடைத்தன. 1930களில் ரங்கூனிலிருந்து வந்தவை முதல் 1980களில் சொந்தக்காரர்கள் எழுதியவை வரை எல்லாம் இருக்கின்றன. சிலவற்றைப் படம் எடுத்து, பெயரையும் விலாசத்தையும் மறைத்து, இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். சேகரிப்பாளர் ஒருவர், விலாசம் முழுதாகத் தெரிந்தால் கூடுதல் விலை தருவதாகச் சொன்னதால் மறைப்பை எடுத்துவிட்டேன். அதைப் பார்த்த என் நாத்தனார், "குடும்ப விலாசத்தை ஊருக்கெல்லாம் காட்டி விற்கிறாயா?" என்று கோபித்துக்கொண்டார். "போஸ்ட் கார்டு எல்லோரும் படிக்கக்கூடியதுதானே, அதில் என்ன ரகசியம்?" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் நாத்தனார் பக்கம்தான் நியாயம் அதிகம். விலாச விஷயத்துக்கு வருவதற்கு முன்பே அவருக்கு ஒரு உரிமை இருக்கிறது. உங்கள் மாமனார் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனைப் போலவே மகளும் முதல் நிலை வாரிசு. பெட்டியில் இருப்பது காகிதமே ஆனாலும் அதில் அவருக்கும் பங்கு உண்டு. அதனால் முதலில் அவரைக் கூப்பிட்டுப் பெட்டியை அவர் முன்னால் திறங்கள். கார்டுகளைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எதை விற்கலாம், எது வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவரும் சொல்லட்டும். கையெழுத்தைப் பார்த்தே இது யார் எழுதியது என்று சொல்லக்கூடியவர் இப்போது உங்கள் வீட்டில் அவராகத்தான் இருப்பார்.

அடுத்து, உங்கள் கணவர் சொல்வது. இந்தியாவில் கால் அணா போஸ்ட் கார்டு 1879 ஜூலை 1 அன்று வந்தது. அன்று முதல் அது திறந்த கடிதம்தான். தபால்காரர் படித்திருப்பார், எழுத்துத் தெரியாத வீடுகளில் அவரே படித்தும் சொல்லியிருப்பார். ஆனால் படித்தது யார் என்று எழுதியவருக்குத் தெரியும். உங்கள் ஊர்த் தெருவில் நான்கு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினார். நாற்பது வருடம் கழித்து முகம் தெரியாதவர்கள் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க முடியாது. அந்தச் சம்மதத்தை அவர் தரவில்லை.

இருந்தாலும் எல்லா விலாசமும் ஒன்றல்ல. ரங்கூன் மொகல் தெருவில் இருந்த ஒரு கடையின் விலாசத்தையோ, செட்டியார்கள் தொழில் நடத்திய சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியின் விலாசத்தையோ மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே அந்த மனிதர்கள் இப்போது இல்லை. சேகரிப்பாளர் விலாசம் கேட்பதற்கும் காரணம் உண்டு. பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1 அன்று. அதற்கு முன் அங்கும் இந்தியத் தபால்தலைதான். பிரிந்த புதிதில் இந்தியத் தபால்தலையின் மேலேயே பர்மா என்று அச்சடித்துப் பயன்படுத்தினார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆகவே 1940, 41இல் அங்கிருந்து கிளம்பி, யுத்த காலத் தணிக்கைக்காரர்களின் சென்சார் முத்திரை வாங்கிக்கொண்டு செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு கார்டில், எங்கிருந்து எங்கே போனது என்பதுதான் அதன் மதிப்பு. விலாசத்தைப் பேனாவால் அடித்தாலோ, ஸ்டிக்கர் ஒட்டினாலோ, தபால்தலையை உரித்தாலோ அந்த மதிப்பு போய்விடும். எந்தக் காரணத்துக்காகவும் கார்டின் மேல் கை வைக்காதீர்கள். மறைப்பதெல்லாம் படத்தில் மட்டும்.

தயங்க வேண்டியது பிற்காலத்துக் கார்டுகளைப் பார்த்துத்தான். இதற்கு எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. விலாசத்தில் ஆறு இலக்க எண் இருந்தால் அது அதற்குப் பின் எழுதியது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பின்கோடு எழுதாமல் விட்டவர்களும் நிறையப் பேர் என்பதால், எண் இல்லாத கார்டுகளில் தபால் முத்திரைத் தேதியையும் பாருங்கள். 1970, 80களில் எழுதியவர்களில் பலர் இன்றும் இருப்பார்கள், இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகள் இருப்பார்கள். சென்னையில் வாடகைக்கு இருந்தவர் இதற்குள் நான்கு வீடு மாறியிருப்பார். கிராமத்து மேலத்தெரு வீடு அப்படி அல்ல. கதவு எண் மாறியிருக்கும், குடும்பம் மாறியிருக்காது. உங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் போடும் குடும்ப முன்னெழுத்துகளை வைத்தே இன்னார் வீடு என்று பங்காளிகள் சொல்லிவிடுவார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய விலாசமானாலும், உள்ளே ஆள் இருக்கும் விலாசம் அது.

இந்தக் கார்டுகளை விற்கவே வேண்டாம் என்பது என் கருத்து. படத்தில் மறைத்தாலும் வாங்கியவர் கைக்குக் கார்டு முழுதாகத்தானே போகிறது? அவர் அதை மறைக்காமல் மறுபடி விற்கலாம். எழுதியவர் இருக்கிறாரா என்று விசாரித்து, கார்டை அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ கொடுத்துவிடுங்கள். அவர்கள் விற்கச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கார்டுகளிலும் விலாசத்தோடு நின்றுவிடாமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்த உடனே கிழித்துப் போடுவது நம் வழக்கம் என்பதால் அவை பெரும்பாலும் பெட்டிக்குள் வந்திருக்காது. மற்றதெல்லாம் இருக்கும். யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்தப் பெண்ணின் ஜாதகம் எதனால் தட்டிப்போனது, யாருக்கு என்ன நோய், எந்த அண்ணன் தம்பிக்குள் வழக்கு என்று நாலு வரியில் நெருக்கி எழுதியிருப்பார்கள். பெயரும் ஊரும் அதோடு சேர்ந்துவிட்டால் இன்றைக்கு இருக்கும் பேரன் பேத்திகளுக்குச் சங்கடம். அப்படிப்பட்டது 1935இல் எழுதியதாகவே இருந்தாலும் வீட்டில் இருக்கட்டும். சட்டத்திலும் இதற்கு ஒரு வேறுபாடு உண்டு. கார்டு பெற்றவருக்கு உரியது என்றாலும், அதில் எழுதியிருக்கும் வாசகத்தின் காப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். முழுக் கடிதமும் படிக்கும்படி படம் போடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் வீட்டைப் பற்றி. நாத்தனாரின் கோபத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன், அது நியாயமான பயம். செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தால் உண்டு. நீங்கள் இணையத்தில் போடும் படம் அறிமுகமில்லாத ஒருவருக்கு மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது: இது பழைய வீடு, உள்ளே பழைய பொருள் இருக்கிறது, விலாசம் இது. அந்தக் கார்டுகளெல்லாம் உங்கள் மாமனாருக்கு வந்தவை என்பதால் பெறுநர் விலாசம் உங்கள் வீடுதான்! சேகரிப்பாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. அதனால் மறைப்பு எடுத்த படங்களை இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

மறுபடி போடும்போது ஊர் பெயரும், தபால் முத்திரையும், தபால்தலையும் தெரியட்டும். பெயர், கதவு எண், தெரு, குடும்ப முன்னெழுத்து ஆகியவற்றின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்துவிட்டுப் படம் எடுங்கள். படம் எடுத்த பிறகு ஃபோனில் கறுப்புக் கோடு தீட்டுவதைவிட இதுவே பத்திரம். ஃபோனில் உள்ள சில தூரிகைகளில் மை முழுதாக மறைக்காது, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். முற்றத்துத் தூணோ ஆத்தங்குடித் தரையோ பின்னால் தெரியாதபடி மேசையில் வெறும் தாளை விரித்து எடுங்கள். கேமராவில் இடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள். விற்பனைக் குறிப்பில் யார் பெயரையும் தட்டச்சு செய்யாதீர்கள். கையெழுத்தைவிடத் தட்டச்சு செய்த பெயர் தேடலில் சுலபமாக மாட்டும். 'ரங்கூனிலிருந்து செட்டிநாட்டுக்கு, 1941, சென்சார் முத்திரை' என்று போட்டால் போதும், விஷயம் தெரிந்தவர் புரிந்துகொள்வார். பார்சலில் அனுப்புநராகக் கிராமத்து வீட்டை எழுதாமல் இப்போது குடியிருக்கும் இடத்தையோ கணவரின் அலுவலகத்தையோ எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த பழைய கார்டு யார் கைக்குப் போகலாம் என்பதை நீங்களும் நாத்தனாரும்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சரி என்று சொன்னவற்றை மட்டும் அனுப்புங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்டால் ஒரு எச்சரிக்கை. வரலாற்று மதிப்புள்ள பொருள்கள் நூறு ஆண்டையும், கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் எழுபத்தைந்து ஆண்டையும் தாண்டியிருந்தால், அவற்றைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. எழுபத்தைந்து ஆண்டைத் தாண்டிய கார்டு எதையும் தொல்லியல் துறையிடம் விசாரிக்காமல் அனுப்ப வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பர்மாவிலிருந்து தொடர்ச்சியாக வந்த கார்டுகள் ஒரே குடும்பத்தில் கிடைத்தால், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களிலிருந்தும் தாள்களிலிருந்தும்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். கொடுக்கத் தயங்கினால், விற்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளவாவது செய்யுங்கள்.

அந்தச் சேகரிப்பாளருக்கு, படத்தில் விலாசம் வராது, எந்தத் தபால் நிலையத்திலிருந்து எதற்குப் போனது என்ற விவரம் முழுக்கத் தருகிறேன் என்று எழுதுங்கள். தபால் வரலாற்றுக்காக வாங்குகிறவருக்கு அது போதும். பெயரும் தெரு எண்ணும் பொதுவில் தெரிந்தால்தான் வாங்குவேன் என்று அவர் அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். யுத்த கால ரங்கூன் கார்டுக்கு வேறு ஆள் வருவார்.