மருந்தைத் தின்னும் இன்ஜினியர்

கேள்வி: ஐயா, நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். புது மெஷின் பொருத்த சீனாவிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார். 'ஐ ஈட் மெடிசின்' என்கிறார். 'டேக்' வர வேண்டிய இடத்தில் 'பிரிங்' போடுகிறார். என்னையே சொல்லித் தரச் சொல்கிறார். 'டேக்' என்றால் 'எடு' என்றேன். சரிதானே?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பாதி சரி தம்பி. 'டேக் எ போட்டோ' வரைக்கும் 'எடு' தாங்கும். மாத்திரைக்கு வந்ததும் தடுமாறும். நம் தருமபுரிப் பக்கம் "மாத்திரை போட்டியா?", "மருந்து சாப்பிட்டியா?" என்றுதானே கேட்கிறோம்! சீனத்திலும் 'ச்சி யாவ்' தான். 'ச்சி' என்றால் சாப்பிடு, 'யாவ்' என்றால் மருந்து. உங்கள் இன்ஜினியர் நம் வீட்டுக் கிழவி மாதிரிதான் யோசிக்கிறார், அதனால் சிரித்துவிடாதீர்கள்.

பஸ்ஸும் அப்படித்தான். ராயக்கோட்டை வழியாக இங்கே வர நீங்கள் பஸ் பிடிப்பீர்கள். அவர் மொழியில் பஸ்ஸில் 'உட்காருவார்'. சீட் கிடைக்காமல் பாலக்கோடு வரை நின்றே வந்தாலும் வினை அதுதான்! ஆங்கிலத்துக்கு இரண்டுமே 'டேக்'. பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்தான் அதற்குப் பொருளைத் தருகிறது. எனவே தனியாக 'டேக்' என்று சொல்லித் தராமல் 'டேக் எ பஸ்', 'டேக் எ டேப்லெட்', 'டேக் எ பிரேக்' என்று ஜோடியாகவே பழக்குங்கள்.

'பிரிங்' குழப்பம்தான் எனக்குப் பிடித்தது. சீனத்தில் 'தாய்' என்று ஒரே வினை. 'தாய் லாய்' என்றால் கொண்டு வா, 'தாய் ச்சு' என்றால் கொண்டு போ. அப்படியே நம்முடைய கணக்கு பாருங்கள்! 'கொண்டு' மாறுவதில்லை, திசையை 'வா'வும் 'போ'வும் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலமோ திசையை வினைக்குள்ளேயே வைத்துவிட்டது. 'லாய்' வந்தால் பிரிங், 'ச்சு' வந்தால் டேக் என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்பேனரை வைத்து விளையாடுங்கள். உங்களிடம் வரும்போது 'பிரிங்'. உங்களிடமிருந்து ஸ்டோருக்குப் போகும்போது 'டேக்'. ஷிப்ட் முடிவதற்குள் பிடித்துக்கொள்வார்.

அப்புறம், 'எஸ்டர்டே ஐ டேக்' என்பாரே? சீன வினை காலத்துக்காக உருவம் மாறாது. 'நேற்று' என்று சொன்னாலே அவர்களுக்குப் போதும். டேக், டுக், டேக்கன் மூன்றையும் மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. முணுமுணுத்தால், இது ஆங்கிலேயர்களே வைக்கிங்குகளிடம் (ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகள்) இரவல் வாங்கிய வினை என்று டீ குடிக்கும்போது சொல்லுங்கள். அதற்கு முன் ஆங்கிலேயர்களிடம் இருந்தது 'நிமன்'. ஜெர்மானியர்கள் இன்னும் 'நேமன்' என்றுதான் சொல்கிறார்கள்.

'டேக் ஆஃப்டர்' (அப்பா அம்மா சாயலில் இருப்பது) மாதிரியானவை இப்போதைக்கு வேண்டாம். 'டேக் ஆஃப் த கவர்', 'டேக் அவுட் த போல்ட்' இரண்டையும் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மெஷின் பக்கத்தில் நிற்கிறவருக்கு முதலில் வேண்டியவை அவைதான்.