கோத்தகிரியில் குடியேறலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மே மாதம் நானும் கணவரும் கோத்தகிரியில் மூன்று நாள் தங்கினோம். விடுதி ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே மேகம். சென்னைக்குத் திரும்பிய பிறகும் மனம் அங்கேயே நிற்கிறது. இருவருக்கும் ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது. பத்து சென்ட் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறோம். நீங்கள் அங்கேயே இருப்பவர், ஆனால் மலையின் அழகைப் பற்றி எழுதுவதே இல்லையே? தினமும் பார்த்தால் அலுத்துவிடுமா?

ஒரு வாசகி, வேளச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

அலுக்காது. ஆனால் பார்க்க மறந்துவிடுவீர்கள். காலையில் கதவைத் திறந்ததும் என் கண் போவது துணிக்கொடிக்குத்தான். நேற்றுப் போட்ட சட்டை காய்ந்ததா, இல்லையா? நவம்பரில் பெரும்பாலும் இல்லை.

ஜன்னலுக்கு உள்ளேயும் ஒரு மலை வாழ்வு இருக்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். வெந்நீரில் நிறுத்தினால்தான் தலைக்கு எண்ணெய். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்திருக்கும். பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில் ஒரே வாரத்தில் பச்சைப் பூசணம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க முயன்றால் பொறுமை போய்விடும். குக்கர் இல்லாமல் இங்கே சமையல் கிடையாது. இதெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. விடுதியில் இதையெல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் வந்தது மே மாதம். கோத்தகிரி இருப்பது நீலகிரி மலையின் கிழக்குப் பக்கம். தென்மேற்குப் பருவமழையை மேற்கே உள்ள கூடலூரும் அவலாஞ்சியும் வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு அசல் மழை அக்டோபர், நவம்பரில்தான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்றும் இரவு கனமழை பெய்தால் காலையில் முதல் பேச்சு, மேட்டுப்பாளையம் ரோடு திறந்திருக்கிறதா என்பதுதான். பெரிய சிகிச்சை என்றால் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளோடு இரண்டு மணி நேரமாவது ஆகும். ஓய்வுபெறும் வயது என்கிறீர்கள், அதனால் இதை முதலில் யோசியுங்கள்.

அப்புறம் அக்கம்பக்கத்தார். சாயங்காலம் தேயிலைக்குள் காட்டு மாடு நிற்கும். நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். இருட்டியபின் டார்ச் இல்லாமல் யாரும் வெளியே போவதில்லை.

சரி, பிறகு ஏன் இங்கே இருக்கிறேன்? ஊர் சின்னது, அதற்காக. மருந்துக் கடைக்காரருக்கு என் மாத்திரை தெரியும். இரண்டு நாள் கடைவீதிக்கு வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது போன் செய்வார்கள். இந்த மலையின் பழைய சமூகமான படகர்களின் ஊர்களில், அதாவது ஹட்டிகளில், வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும். ஒரு வீட்டில் சாவு என்றால் ஊரே வேலைக்குப் போகாது. குளிர்காலத்தில் பேரகணி ஊரில் நடக்கும் அவர்களுடைய ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எங்கெங்கோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வந்து சேருவார்கள். இன்னொரு பக்கம், இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க வழிசெய்த 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து இங்கே தேயிலையில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். இவர்களில் யாரும் காட்சிக்காக வந்தவர்கள் இல்லை. காட்சிக்காக வந்து வீடு கட்டியவர்களில் முன்னோடி கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-ல் கோத்தகிரி பக்கத்துக் கண்ணேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்னும் இருக்கிறது, ஒரு நாள் பாருங்கள். அவரும் அங்கேயே நிற்கவில்லை, ஊட்டிக்குப் போய்விட்டார்.

நீங்கள் பார்த்து மயங்கிய அந்தச் சரிவு யாரோ ஒரு சிறு விவசாயியின் வயிற்றுப்பாடு. பசுந்தேயிலைக்குக் கட்டுபடியான விலை கேட்டு 2023-ல் கோத்தகிரி பக்கம் உண்ணாவிரதமே இருந்தார்கள். இலை விலை படுத்துவிட்டால் இடத்தை விற்பதைத் தவிர வழியில்லை. வாங்குபவர் ‘வியூ’ உள்ள இடமாகக் கேட்பார். வியூ என்றாலே செங்குத்துச் சரிவுதான். அதை ஜே.சி.பி. வைத்து வெட்டுவார்கள். அடுத்த நவம்பரில் வெட்டிய இடம்தான் முதலில் சரியும். மாடி மேல் மாடி கூடாது, 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 1993-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் கேரவன் மாதிரி மலைமுகட்டில் வந்து நிற்கும் கண்ணாடி வீடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும்.

ஆகவே இடம் வாங்காதீர்கள், இப்போதைக்கு. ஊருக்குள், பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும் தூரத்தில், ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். அக்டோபரில் வாருங்கள், ஏப்ரலில் வேண்டாம். லாங்வுட் சோலை போன்ற காடுகள்தான் கீழே உள்ள ஊர்களுக்கு நீர் தருகின்றன. கோடையில் ஊற்று மெலிந்தால் பல தெருக்களில் லாரித் தண்ணீர்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மார்ச்சில் தண்ணீர் எங்கிருந்து வரும், ராத்திரி ஆம்புலன்ஸ் வீட்டு வாசல் வரை வருமா?