மூன்றாவது சொல்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். கறுப்பின மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள் ஆகியோருக்குத் துணை நிற்பதற்காக எங்கள் துறையில் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை, மதியம் 2 மணிக்குக் கூட்டம். என்னையும் சேரச் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து வந்த எனக்கு இதில் என்ன வேலை என்று தயக்கம். அறையில் கூட இருப்பவன், “தகுதி இருந்துதானே வந்திருக்கிறார்கள், அப்புறம் எதற்குத் தனி ஆதரவு?” என்கிறான். கறுப்பின மாணவர்களிடமும் பேராசிரியர்களிடமும் எப்படிப் பேசுவது, எந்தச் சொல் அவர்களைப் புண்படுத்தும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. சேரலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

சேருங்கள். உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்கள். 1965க்கு முன்னால் இந்தியர்களுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100. அந்தக் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுச் சட்டம், கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு வாங்கிய சம உரிமைச் சட்டங்களின் காலத்தில் வந்தது, அவற்றின் சூட்டில் வந்தது. இதற்கு மேல் உங்களுக்கு ஒரு காரணம் வேண்டுமா?

எந்தச் சொல் புண்படுத்தும் என்பதை என்னிடம் கேட்காதீர்கள். பழகுங்கள், தெரிந்துவிடும். தவறிச் சொல்லிவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் நண்பனுக்கு ஜார்ஜ் மெக்லாரின் கதையைச் சொல்லுங்கள். வாழ்நாளெல்லாம் ஆசிரியராக இருந்த கறுப்பினத்தவர். அறுபதைத் தாண்டிய வயதில், 1948இல், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்கச் சேர்ந்தார், அதுவும் நீதிமன்றம் போய். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பறைக்குள் விடவில்லை. ஒட்டியிருந்த சின்ன அறையில் ஒரு மேசை போட்டு, திறப்பு வழியாகப் பாடம் கேட்கச் சொன்னார்கள். நூலகத்தில் அவருக்கென்று தனி மேசை. உணவகத்திலும் தனி மேசை, வேறு நேரம். அவருடைய தகுதியில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இப்படி உட்கார வைப்பது ஒருவருடைய படிப்புக்கே தடை என்று 1950 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இடம் கொடுத்துவிட்டு மேசையைத் தள்ளிப் போடுகிற வித்தை நம் ஊர் ஆளுக்குப் புரியாதா? டீக்கடையில் தனி டம்ளர் வைத்த ஊரிலிருந்துதானே அவனும் வந்திருப்பான்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். குழு யாருக்காக என்று சொல்லும்போது மூன்று சொற்கள்: மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள். யாரோடு எப்படிப் பேசுவது என்று கேட்கும்போது இரண்டுதான் இருக்கின்றன. மூன்றாவது சொல் எங்கே போயிற்று தம்பி? நீங்கள் வேண்டுமென்று விடவில்லை, தெரியும். கண்ணில் படவே இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உங்கள் மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். டர்ஹமில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ஹார்வி என்று ஒருவர் துப்புரவுப் பணியாளராக இருந்தார். தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து 1965இல் ஒரு சங்கம் கட்டினார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968 ஏப்ரலில், அங்கே மாணவர்கள் நாள் கணக்கில் புல்வெளியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள். அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, பெரும்பாலும் கறுப்பினத்தவராக இருந்த ஊழியர்களுக்கு மணிக்கு 1.60 டாலர் கூலி தர வேண்டும் என்பது. அந்தக் கணக்கு ஹார்வியைப் போன்றவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த கணக்கு. மாணவர்கள் அன்றைக்குத்தான் காதில் வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டு, பக்கத்திலேயே சாப்பல் ஹில்லில், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் லெனார் உணவுக் கூடம். 1969 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. இரவுச் சாப்பாட்டுக்குக் கதவு திறந்து மாணவர்கள் வந்தபோது, பரிமாற வேண்டிய கறுப்பினப் பெண்கள் மேடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, சாப்பாட்டு மேசைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் அப்படித்தான் தொடங்கியது. மேரி ஸ்மித், எலிசபெத் புரூக்ஸ் இருவரும் முன்னால் நின்றார்கள். கறுப்பின மாணவர் அமைப்பு கூடவே நின்றது. வேறொரு கட்டடத்தில் ஊழியர்களே சமைத்துப் போடும் மாற்று உணவகம் நடந்தது. ஆளுநர் காவலர்களை அனுப்பினார். கடைசியில் மணிக்கு 1.80 டாலர் என்று கூலியையும் உயர்த்த வேண்டியிருந்தது. அதோடு முடிந்ததா? அதே ஆண்டு உணவுக் கூடத்தைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள், நவம்பரில் மறுபடியும் வேலைநிறுத்தம்.

அந்தப் பெண்கள் மேசையில் போய் உட்கார்ந்த காட்சியை நினைத்தால் எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வரும்.

அம்மா ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. பின்கட்டில், அண்டா கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், குத்துக்காலிட்டுச் சாப்பிடுவார். ஆனால் விடுதியில் யார் எப்படி இருக்கிறாள் என்பது அவருக்குத்தான் தெரியும். “பதினாலாம் நம்பர் பொண்ணு மூணு நாளா ராத்திரி சாப்பிட வரலடி” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். மெஸ் பணம் கட்டவில்லை, கூச்சத்தில் அந்தப் பெண் வருவதில்லை. அம்மா தன் பங்கு இட்லியை டிபன் பாக்ஸில் எடுத்துப்போய் மாடிப்படியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். வாசலில் பையைச் சோதித்தபோது டப்பாவில் சட்னி ஒட்டியிருந்தது. விடுதிச் சாப்பாட்டை வெளியே கொண்டுபோனதாகச் சொல்லி இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். அம்மா அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சம்பளம் தப்பியிருக்கும்.

அந்தக் கல்லூரியிலும் மாணவியர் நலனுக்கு ஒரு குழு இருந்தது. பேராசிரியைகள், மாணவிப் பிரதிநிதிகள், பிஸ்கட், டீ. டீயைக் கொண்டுபோய் வைத்தது அம்மா. அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை, ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். ஊழியர் என்றால் துடைப்பம் பிடிப்பவர் மட்டும் இல்லை, தெரியும். அலுவலகத்தில், நூலகத்தில், ஆய்வகத்தில் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் தேர்வு நாளில் கழிப்பறையில் அழுதுகொண்டிருக்கும் கறுப்பினப் பிள்ளையிடம், “என்னம்மா ஆச்சு?” என்று முதலில் கேட்பவர் அங்கே தரை துடைக்க வந்தவராகத்தான் இருக்கும். அதற்கு அவருக்குச் சம்பளமும் இல்லை, பேரும் இல்லை. அவருக்குத் துணை நிற்பது யார்?

பேராசிரியர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு துறையில் ஒரே ஒரு கறுப்பினப் பேராசிரியர் இருந்தால் எல்லாக் குழுவுக்கும் அவரையே இழுப்பார்கள், அவர் ஆராய்ச்சி பாழாகும். குறிப்பெடுப்பது, கடிதம் அனுப்புவது மாதிரி வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள்: நம் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்களா, ஒப்பந்தக்காரரின் பட்டியலிலா? பல்கலைக்கழக ஊழியருக்கு உள்ள விடுப்பும் மருத்துவக் காப்பீடும் அவர்களுக்கு உண்டா? முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அப்புறம், அந்த மதியம் 2 மணி. இரவெல்லாம் உங்கள் கட்டடத்தைத் துடைத்துவிட்டுப் போனவர் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வேலைக்கு வருவது எத்தனை மணிக்கு என்று விசாரித்து, கூட்டத்தை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுக்கச் சொல்லுங்கள். மாற்றினார்களா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா