ஜாங்கிரியும் நடுராத்திரி வெல்லமும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 54 வயது. பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். இரண்டு வருஷமாக இன்சுலின். நோய்கூடப் பழகிவிட்டது, மனுஷர்கள்தான் பழகவில்லை.

போன மாதம் கும்பகோணத்தில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் ஒரு பையன் ஜாங்கிரித் தட்டோடு வந்தான். எதிர் வரிசையிலிருந்து என் ஓரகத்தி, "அவங்களுக்கு வைக்காதே, சுகர்" என்று கத்தினார். அவன் என் இலையைத் தாண்டிப் போய்விட்டான். ஒரு சொட்டுப் பாகு மட்டும் இலை ஓரத்தில் விழுந்தது. நான் கேட்டேனா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா?

எங்கே போனாலும் இதே கதை. எல்லோருக்கும் டபராவில் காபி கொடுப்பார்கள். என் முறை வந்ததும், "இது சக்கரை போடாதது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு அறிவிப்பு. மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் ஊசியே வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனைவி ஆவாரம்பூ, என் மருமகள் பாகற்காய் ஜூஸ். நான் அடுக்களைப் பக்கம் போனாலே, "என்ன உருட்டுறே?" என்பார் கணவர். ஒரே ஒரு தடவை லட்டும் கையுமாகப் பிடிபட்டேன், அதை இன்னும் விடவில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்து யாரிடமும் பேசவில்லை. ராத்திரி ஊசியைப் போட்டுக்கொண்டு, கோபத்தில் சாப்பிடாமலே படுத்துவிட்டேன். நடுராத்திரி உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி விழிப்பு வந்தது. இருட்டில் தடவி வெல்ல டப்பாவைத் திறந்து ஒரு கட்டியை வாயில் போட்டேன். சத்தம் கேட்டுவிடுமோ என்று மூடியை முந்தானையால் பிடித்துக்கொண்டேன். அவர் முறைத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்தார். அது போகட்டும். ஓரகத்தி மாதிரி ஆட்களின் வாயை அடைப்பது எப்படி? பந்தியில் அப்படிச் சொல்லலாமா?

– பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

"அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் போக விடமாட்டேன். ஓரகத்திக்கு, "வேண்டாம்னா நானே சொல்லிக்கிறேன்" என்ற ஒரு வரி போதும். சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா நல்ல அரிசிதான். ஆனால் அதுவும் அரிசிதான், இன்சுலின் வேலையைச் செய்யாது.

அன்று ராத்திரி உங்களுக்கு வந்தது தாழ்சர்க்கரை போலத்தான் தெரிகிறது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வையும் நடுக்கமும் அதனால்தான். உங்களுக்கு யார் மேல் கோபம் என்பது இன்சுலினுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நீங்கள் தின்ற வெல்லம் மருந்து. மருந்து சாப்பிடுகிறவர் டப்பா மூடியை எதற்கு முந்தானையால் பிடிக்க வேண்டும்? உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இதுதான்.

கணவர் திட்டுவார் என்று பயம் என்பீர்கள். நான் முழுசாக நம்பவில்லை. வயலுக்குத் தண்ணீர் வருகிறது என்றால் ராத்திரியிலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், "எனக்கு ஒரு மாதிரியா வருது" என்று நீங்கள் உலுக்கினால் எழுந்திருக்க மாட்டாரா? எழுந்திருப்பார். அப்படி எழுந்துவிட்டால் நீங்கள் நோயாளி ஆகிவிடுவீர்கள், ஓரகத்தி கத்தியது உண்மையாகிவிடும். உங்களுக்கு அதுதான் தாங்கவில்லை. சாப்பிடாமல் படுத்ததும் இதே வீம்பில்தான். லட்டும் கையுமாக நின்ற மனைவியை அவர் பார்த்திருக்கிறார். வியர்த்து நடுங்கிய மனைவியை நீங்கள் அவருக்குக் காட்டவே இல்லையே. அப்புறம் அவர் அந்த லட்டைத்தானே பிடித்துக்கொண்டிருப்பார்?

இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள், ஊசி அளவை அவர் பார்க்க வேண்டும். மறுபடி அப்படி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பிறகு கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்பது கணவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

தலைமாட்டில் ஒரு சர்க்கரை டப்பா வேண்டும். அதை அவரையே வைக்கச் சொல்லுங்கள். சட்டென்று திறக்கிற மூடியாக இருக்கட்டும், சத்தம் வந்தால் வரட்டும்.